பெயிலானவர் போட்ட கணக்கு

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் டோக்கன் இயந்திரத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் போன் செய்தார். "மேடம், நம்ம தனகோடி சார் தவறிட்டாரு" என்றார்.

"இந்த வாட்டியுமா? எத்தன மார்க்குல?" என்று கேட்டுவிட்டேன்.

நண்பர் மெதுவாக, "ஹார்ட் அட்டாக் மேடம். விடியக்காலைல" என்றார். நான் டோக்கன் இயந்திரத்தின் மேலேயே கையை ஊன்றி நின்றேன். வரிசையில் நின்றவர் "எனக்குச் சீட்டு வரலீங்க" என்றது எங்கோ தூரத்தில் கேட்டது.

நான் கேட்ட கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. அது தேர்வு முடிவு வரவேண்டிய வாரம். பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும், அறுபத்து நான்கு வயதிலும், தனகோடி சார் மறுபடி பெயர் பதிந்து ஒரே ஒரு தாளை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஆபரேஷன்ஸ் ரிசர்ச். மற்ற எல்லாத் தாள்களிலும் தேறியவர், இதில் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறினார். இறப்பதற்கும் பரீட்சையில் தோற்பதற்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்தது யார் என்று தெரியவில்லை. இந்தக் குளறுபடியைக் கேட்டிருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அவர்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தின் சான்றிதழ் பிரிவில் வேலை பார்த்தோம். அவர் மூலக்குளத்துக்காரர். நல்ல உயரம், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, எந்த முடிவையும் எடுக்கத் தெரியாத மனம். ஓட்டலில் மெனு அட்டையைக் கையில் வாங்கினால் இருபது நிமிடம் ஆகும். கடைசியில் சர்வரைப் பார்த்து, "நீங்க என்னா சாப்டீங்க?" என்று கேட்டு அதையே கொண்டுவரச் சொல்வார். பேருந்து நிலையத்தில் பின்னால் வரும் பேருந்து காலியாக இருக்கும் என்று முன்னால் வந்ததை விடுவார். பின்னால் வருவது இன்னும் நெரிசலாக வரும்.

இப்படிப்பட்டவர் முடிவெடுக்கும் கலையைப் பாடமாகப் படிக்கச் சேர்ந்ததுதான் வேடிக்கை. பதவி உயர்வுக்கு உதவும் என்று நானும் அவரோடு தபால் வழியில் மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலாப்பட்டில் வகுப்பு. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்பது, இருக்கிற ஆட்களையும் நேரத்தையும் பொருளையும் எப்படிப் பங்கிட்டால் சேதாரம் குறையும் என்று கணக்குப் போட்டு முடிவெடுப்பது. முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தவர், "இத்தன வருசமா நம்மகிட்ட யாருமே சொல்லல பாருங்க மேடம்" என்றார். கண் கலங்கியிருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

பேர்தான் வம்பாகிவிட்டது. "ஞாயித்துக்கெழமையானா காலாப்பட்டுக்கு ஆபரேஷனுக்குப் போறாரு" என்று அவர் மனைவி வசந்தா அக்கா பக்கத்து வீட்டில் சொல்லப்போக, மூன்றாவது வாரம் தெருவே ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆப்பிளோடும் வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஆபரேஷன் என்றால் என்ன வியாதியோ என்று அவர்களுக்குள் பேச்சு. "இது வேற ஆபரேஷன்" என்று அவர் விளக்க, வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். தலையில்தான் ஏதோ செய்கிறார்கள் என்று முடிவாகிவிட்டது. ஆப்பிளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து எங்களுக்கும் கொடுத்தார்.

அந்த ஆண்டே அவர் மகளின் திருமணம். பத்திரிகை வைக்க முப்பத்தோரு வீடு. சார் விடுவாரா? எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனால் பயணத் தூரம் குறையும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார். மூலக்குளத்தில் தொடங்கி, வில்லியனூரைச் சுற்றி, டவுனுக்குள் நுழைந்து, வீராம்பட்டினத்து நண்பர் ஒருவரைப் பார்த்து, கடைசியாக அரியாங்குப்பம். பதினோரு கிலோமீட்டர் மிச்சம் என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். நானும் சரிபார்த்துக் கொடுத்தேன். கணக்கு சுத்தமாக இருந்தது.

அரியாங்குப்பத்தில் இருந்தவர் பெண்ணின் தாய்மாமன். முதல் பத்திரிகை போக வேண்டிய வீட்டுக்கு முப்பத்தோராவதாகப் போய் நின்றிருக்கிறார்கள். மைத்துனர் வாசலிலேயே மறித்து, "எங்கூட்டு எதிர்ல இருக்கறவன் பத்திரிகைய வாங்கி விசிறிக்கினு ஒக்காந்திருக்கான். எனக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்று கேட்டாராம். அவரைச் சமாதானம் செய்ய நான்கு முறை அரியாங்குப்பம் போய்வந்ததில், மிச்சப்பட்ட கிலோமீட்டர் வட்டியோடு போயிற்று. மறுநாள் அலுவலகத்தில் சார் சொன்னார்: "சூத்திரம் சரிதான் மேடம். கட்டுப்பாடுகள்னு ஒரு பகுதி இருக்குதே, அதுல சொந்தக்காரங்கள எழுத மறந்துட்டன்."

தேர்வு வந்தது. நான் தேறினேன், அவர் தேறவில்லை. அவருக்குக் கணக்கு வராது என்று யாரும் நினைக்கக் கூடாது. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே பேருந்தில் அவர்தான். வினாத்தாளில் நான்கு ஆட்கள், நான்கு வேலைகள், யாருக்கு எதைக் கொடுத்தால் நேரம் குறையும் என்று ஒரு கேள்வி. சார் விடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதன் கீழே, இரண்டாவது ஆளுக்கு மட்டும் எந்த வேலைக்கும் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், வீட்டில் ஏதாவது பிரச்சினை இருக்கலாம், அதுவரை வேலையைப் பிரிக்கக் கூடாது என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, விடையை அடித்துவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இப்படி ஏதாவது ஒரு ஆள்மேல் அவருக்கு இரக்கம் வந்துவிடும்.

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் மீனுவுக்கு அப்போது நான்கு வயது. பேச்சு வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் காலை பேச்சுப் பயிற்சிக்கு நான்தான் அழைத்துப் போவேன். கணவருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை, வீட்டில் வேறு ஆள் இல்லை. பயிற்சியை இப்போது விட்டால் பிறகு சிரமம் என்று சொல்லியிருந்தார்கள். அலுவலகத்தில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீண் ரோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் அவளை வகுப்புக்கு அழைத்துப் போனபோது, சார் அவளிடம் நாள் முழுக்க ஏதேதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். திரும்பும் வழியில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சில மாதங்களில் அந்த உத்தரவு வந்தது. எங்கள் பிரிவில் இருந்த நால்வரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு ஏனாம் போக வேண்டும். புதுச்சேரி அரசு ஊழியருக்கு ஏனாம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நம் அரசு, நம் சம்பளம், ஆனால் ஊர் ஆந்திராவுக்குள். ஒரு இரவுக்கு மேல் பயணம், பேச்செல்லாம் தெலுங்கு. யாரை அனுப்பினாலும் பொல்லாப்பு என்று பயந்த எங்கள் கண்காணிப்பாளர், "தனகோடி, நீங்கதான் அந்த ஆபரேஷன் படிக்கிறீங்களே, பண்ணி விடுங்க" என்று தலையைக் காப்பாற்றிக்கொண்டார்.

சார் உற்சாகமாகிவிட்டார். ஏனாம் ஒன்று, இங்கே பிறப்பு, இறப்பு, பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடு என்று மூன்று கவுண்டர்கள், ஆக நான்கு இடம், நான்கு ஆள். ஒவ்வொரு இடமும் நமக்கு எவ்வளவு கஷ்டம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார். மொத்தக் கஷ்டம் எதில் குறைகிறதோ அதுதான் முடிவு. டீ குடிக்கும்போது, "எனக்கு ஏனாம் எட்டு. தெலுங்குல ஒரு வார்த்த தெரியாது, வசந்தாவுக்கு முட்டி வலி, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காது" என்று விரல்விட்டு எண்ணினார்.

நான் ஏனாமுக்கு இரண்டு என்று எழுதினேன். என் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அதிகமாகப் போட்டால் காரணம் கேட்பார்களே, மகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். சீட்டை வாங்கிப் படித்தவர் என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் போட்டீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிரவு என் மகளின் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை கட்டம் கட்டிய கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. ஏனாம் போகிறவர், தனகோடி. கண்காணிப்பாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இதுதான் சயின்ஸ்" என்றார். நான் கிட்டே போய் எண்களைப் பார்த்தேன். என் வரிசையில் ஏனாமுக்கு ஒன்பது என்று இருந்தது. அவர் வரிசையில் சைபர். ஏனாம் போவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லையாம்.

மத்தியானம் சாப்பிடாமல் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து நான் அந்தக் கணக்கை மறுபடி போட்டேன். எனக்கு இரண்டு, அவருக்கு எட்டு. வரிசைக்கு வரிசை கழித்து, கோடு போட்டு, இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டு முறையும் என் பெயர்தான் வந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கண்காணிப்பாளரிடம் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதும் வரைக்கும் சொல்லவில்லை.

அவர் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்குப் போனேன். வசந்தா அக்கா கட்டிக்கொடுத்த மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களை எந்தப் பைக்குள் வைப்பது என்று முடிவு செய்ய முடியாமல் நின்றுகொண்டிருந்தார். "சார், அந்தக் கணக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அதப் போய் சரி பாக்காதீங்க மேடம். நீங்க பாஸானவங்க, நான் பெயிலானவன். நான் போட்டா தப்பாத்தான் இருக்கும்" என்றார். பேருந்து புறப்பட்டுவிட்டது. ஊறுகாய் ஒரு பாட்டில் என் கையிலேயே தங்கிவிட்டது.

இரண்டு ஆண்டும் ஞாயிறுதோறும் போன் வரும். தெலுங்கில் அவர் கற்றது நான்கே சொல். அதில் ஒன்று 'பெருகு', தயிர். இரண்டு ஆண்டும் தயிர்ச்சோறு சாப்பிட்டே உயிர் வாழ்ந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் எப்போதும், "மீனு என்னா சொல்லுது?" என்பார். எட்டாவது மாதம், சொல்வதற்கு என்னிடம் ஒரு செய்தி இருந்தது. ஊட்டப் போன என் கையைத் தள்ளிவிட்டு, மீனு தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை: "போ."

போனில் ஒரே சிரிப்பு. "நல்ல வார்த்த மேடம். எவ்ளோ சீக்கிரம் முடிவெடுக்குது பாருங்க! எனக்கு அம்பத்தாறு வயசாவுது, இன்னும் வரல" என்றார். சிரித்து முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மீனுவையும் அழைத்துக்கொண்டு மூலக்குளம் போனேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வசந்தா அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள் வாயை மூடவே இல்லை. தனகோடி பெரியப்பா ஏனாமில் எங்கே தங்கியிருந்தார், அங்கே கடல் உண்டா, ராத்திரி தனியாக இருக்கப் பயமாக இருந்ததா, பரீட்சையில் ஏன் பெயிலானார், அந்தக் கேள்வி ரொம்பக் கஷ்டமா என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வசந்தா அக்கா அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

உறவுக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "எழவு வீடும்மா. பொண்ணக் கொஞ்சம் வாய மூடச் சொல்லு" என்றார்.

"மன்னிச்சிடுங்க, என்னால முடியாது" என்றேன்.

தனகோடி சார், நீங்கள் போட்ட கணக்கு தப்பு. எனக்கு அன்றைக்கே தெரியும். நிம்மதியாகப் போய் வாருங்கள். உங்கள் தலைமாட்டில் இருக்கிறவள் என் மகள்தான். பேசிக்கொண்டிருக்கிறாள்.