பூச்சாடிக்குள் போன புழுக்கைகள்

பெப்ரவரியில் மேற்குக் கனடாவின் சஸ்கச்சுவான் புல்வெளியில் ஐந்து நாள் அலைந்து நான் சேர்த்துக்கொண்டு வந்தது மூன்று கடுதாசிப் பை புழுக்கை. எல்லாம் கவைக்கொம்பு மான்களுடையவை.

கோடையில் அந்த மான்கள் பூஞ்செடிகளாகத் தேடித்தேடி மேயும். பனி மூடியதும் என்ன செய்யும்? அதே வெளியில் நிற்கும் காட்டெருமை தன் பாரத் தலையால் பனியை ஒதுக்கி அடியிலுள்ள புல்லைத் தின்றுவிடும். மானுக்கு அந்தப் பலம் ஏது? பனிக்கு மேலே தலைநீட்டி நிற்கும் சேஜ் என்ற கசப்புச் செடிதான் அதற்குக் கதி என்று புத்தகங்கள் சொல்கின்றன. நான் பின்தொடர்ந்த கூட்டமும் அப்படித்தானா? பனிப்புயலுக்கு மறுநாள் பொறுக்கிய மூன்றாவது பைதான் அதைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். என் முதுமாணிப் பட்டமே அந்தப் பைக்குள் இருந்தது.

டொரொண்டோவில் இறங்கியது சனிக்கிழமை. ஆய்வுகூடம் திங்கள்தான் திறக்கும். வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டுப் பால்கனியைவிடக் குளிரான இடம் எது என்று பைகளை அங்கே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் இரண்டு பைதான். மூன்றாவதைக் காணவில்லை.

"அம்மா, மற்றப் பை எங்கை?"

"கறிவேப்பிலைக்குப் போட்டிட்டன் தம்பி. ஹீட்டர் சூட்டிலை இலையெல்லாம் மஞ்சளாப் போச்சுதெல்லே. நல்ல காய்ஞ்ச எரு, எங்கை வாங்கினனீ?"

"ஐயோ, உது எரு இல்லையம்மா!"

"எனக்கு ஆட்டுப் புழுக்கை தெரியாதே?"

"ஆடில்லை, மான்!"

"மானெண்டா இன்னும் நல்லது."

அப்பா கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "படிக்க விட்டா, பிளேனிலை புழுக்கை காவிக்கொண்டு வாறான். தாய் அதைச் சாடிக்குள்ளை புதைக்கிறா. நல்ல குடும்பம்."

ஆனால் முதலில் கரண்டியை எடுத்தது அவர்தான். வீட்டு ஹோலில் பேப்பர் விரித்து மூன்று பேரும் குந்தியிருந்து மண்ணைக் கிளறினோம். நல்ல வேளை, அம்மா தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. பையிலிருந்த அறுபதில் நாற்பத்தொன்று முழுசாகக் கிடைத்தன.

புதுப் பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வராமலில்லை. ஆனாலும் திங்கட்கிழமை பேராசிரியரிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் விழுந்துவிழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அந்தச் செடியின் இலையையும் மண்ணையும் கொண்டுவா. மான் தின்றது எது, சாடியில் ஒட்டியது எது என்று நீ பிரித்துக் காட்டவேண்டும். முடியாவிட்டால் அந்தப் பையை மறந்துவிடு."

செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு புழுக்கையையும் கழுவினேன். பிளந்து நடுப்பகுதியை மட்டும் கிள்ளி எடுத்தேன். முதலில் கறிவேப்பிலையை நுண்நோக்கியில் வைத்தேன். இலை முழுக்க எண்ணெய்ப் புள்ளிகள், விளக்குப் போட்டதுபோல. அடுத்து மண். அதையும் கண்ணில் பதித்துக்கொண்டு புழுக்கையை வைத்தேன்.

T வடிவ மயிர்! ஒன்றல்ல, கண்ணில் பட்ட இடமெல்லாம் T, T, T. சேஜ் இலையின் மயிர் அப்படித்தான் இருக்கும். போன கோடையில் பொறுக்கிய புழுக்கைகளில் மணிக்கணக்காகத் தேடினாலும் ஒன்றிரண்டுதான் அகப்பட்டிருந்தன. இதில் கறிவேப்பிலையின் எண்ணெய்ப் புள்ளி ஒன்றுகூட இல்லை. வயிறு நிறையக் கசப்புத் தின்றுவிட்டு அந்தப் புயலுக்குள் நின்றிருக்கின்றன என் மான்கள்! உடனே வீட்டுக்கு ஃபோன் அடித்தேன்.

"அம்மா, சேஜ்தான்! சேஜ்தான் திண்டிருக்கு!"

"அப்ப பை பழுதாகேல்லையோ?"

"ஓம் அம்மா, ஓம்!"

"அப்பாடா. சரி, ஏன் கத்துறாய்? பக்கத்திலை ஆக்கள் இல்லையே?"

பக்கத்தில் பேராசிரியர் நின்றார். குனிந்து நுண்நோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"மொத்தம் எத்தனை இருக்கிறது?"

"நாற்பத்தொன்று."

"ஒன்று பார்த்தாயிற்று. மற்ற நாற்பதையும் பார்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.