ரேடியேட்டரை மறைத்த செவ்வந்தி மாலை

காலை ஏழு பத்து. பின் சீட்டிலிருந்து நான் முதலில் பார்த்தது டேஷ்போர்டில் இருந்த வெப்ப முள்ளை. நடுவில் நிற்க வேண்டிய முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது.

சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பிப் பனவடலிசத்திரம் தாண்டியிருந்தோம். அத்தான் ஓட்டினார், பக்கத்தில் அக்கா. திருநெல்வேலியில் அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"அத்தான், ஓரங்கட்டுங்க" என்றேன்.

இன்ஜினை அணைத்து பானெட்டைத் திறந்தோம். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர், கூலன்ட் டப்பாவில் சரியான அளவில் இருந்தது. கசிவு இல்லை. அத்தான் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். தடுத்தேன். அந்தச் சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் ஓடும்போது சூட்டை எதிர்க்காற்றிடம் விட்டுவிட்டுத் திரும்புகிறது. நீர் இருந்தது. காற்றைப் பார்க்க முன்பக்கம் போனேன்.

இரண்டு நாளுக்கு முன் ஆயுத பூஜை. அதன்பிறகு வண்டியை எடுக்கவே இல்லை. காற்றுப் போகும் வலையை முழுக்க மறைத்துச் செவ்வந்தி மாலை இரண்டு சுற்று, அதன்மேல் வாழையிலை. எல்லாவற்றையும் அத்தான் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். விசிறி இழுத்த இதழ்கள் ரேடியேட்டரில் அப்பியிருந்தன.

"மூணு நாளைக்கு அவுக்கக் கூடாது, மாப்ள. அதுவும் பரீட்சைக்குப் போற அன்னைக்கு."

அக்கா இறங்கி வந்து ஹால் டிக்கெட்டை என்னிடம் கொடுத்தாள். "எங் கல்யாண மாலைகூட இம்புட்டுத் தண்டி இல்ல. வெலகுங்க."

"சாமி குத்தம் ஆயிரும்ட்டி."

"நான் பரீட்சைக்குப் போகாட்டி யாரு குத்தம்?"

அவளே கம்பியைத் திருகி அவிழ்த்தாள். விரலில் கீறியது; சேலை நுனியால் துடைத்துக்கொண்டாள். மாலை தரையில் படாமல் அத்தான் அதை வாங்கி ஒரு வேப்பங்கிளையில் தொங்கவிட்டார். அந்த வழியாக வந்த பஸ் கைகாட்டியும் நிற்கவில்லை. சூடு தணியும்வரை அக்கா கொண்டை ஊசியால் இதழ்களைக் குத்தி எடுத்தாள்.

மறுபடி கிளம்பும்போது ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வைக்கச் சொன்னேன். ஹீட்டரும் அதே நீரின் சூட்டைத்தான் எடுத்து வண்டிக்குள் ஊதுகிறது. அந்த அளவுக்கு இன்ஜினின் சூடு குறையும்.

"ஏலே மாப்ள, எங்கள அவிக்கப் போறியா?"

"அவிஞ்சா பரவாயில்ல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அக்கா.

நான்கு கண்ணாடியையும் இறக்கியும் வேர்த்துக் கொட்டியது. மடியில் இருந்த புத்தகத்தை அவள் திறக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். மானூர் வருவதற்குள் அது நடுவுக்கு இறங்கியது. அதன்பிறகும் ஹீட்டரை அணைக்க அவள் விடவில்லை.

தேர்வு மைய வாசலில் வண்டி முழுதாக நிற்கும் முன்பே என்னிடமிருந்து ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அவள் உள்ளே போனபின் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பிறகு கேட்டைச் சாத்தினார்கள்.