மொட்டைக் கழுத்தி மட்டும் சாகவில்லை

ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ கருவாடு?" என்பதுதான். மாரடைப்பு, பக்கவாதம் என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனது எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை. துறைமுகத்து ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ரிட்டயரான மனிதர். இலையில் கருவாடு இல்லாவிட்டால் அதைச் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

டாக்டர் அடியோடு நிறுத்தச் சொன்னார். நான்தான் பாவம் பார்த்தேன். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கி, அதன் பிறகு குழம்பு வைத்தேன். ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "ஏளா, இது கருவாடா, அட்டையா?" என்றார். அட்டை என்றே நினைத்துத் தின்னுங்கள், உயிரோடு இருந்தால் போதும் என்றேன்.

இவ்வளவு செய்தும் கொதிப்பு இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, "வீட்ல உப்பைக் குறைக்கலையாம்மா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவரோ பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உப்பு இறக்கும் வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது மீனில் சாளை எது, நெத்திலி எது என்றுகூடத் தெரியாது. அக்கா வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அக்கா முற்றத்தில் வலையை விரித்து நெத்திலி காயப்போடுவாள். மத்தியானம் வேலை முடிந்ததும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் மார்பளவு மதில். ஊர்க் கதை, உலகக் கதை எல்லாம் அங்கேதான். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இவரோடு மட்டும் பேசிக்கொண்டு ஒரு மனுசி எத்தனை வருசம் தாக்குப்பிடிக்க முடியும்?

எனக்கு முதல் கோழியைத் தந்ததும் அக்காதான். அது ஏழெட்டாகப் பெருகி, எல்லாம் புறவாசலில் முருங்கை மரத்தடியில் கிடந்தன. நான் தீனி போடுவேன். தண்ணீர் வைப்பதை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். குடித்த தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதருக்குத் திடீரென்று இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, கும்பிட்டுக்கொண்டேன்.

வெயில் காலத்தில் கோழிகள் சாக ஆரம்பித்தன. முதலில் கருப்பி. சட்டியை விட்டு நகராமல் தண்ணீராகக் குடித்தது, தண்ணீராகவே கழிந்தது. குடிகாரன் மாதிரித் தள்ளாடி நடந்து, காலை நீட்டிப் படுத்தது எழுந்திருக்கவில்லை. அடுத்து செவலை. அதற்கடுத்து வெள்ளைச் சேவல். எனக்குச் சோறு இறங்கவில்லை. குஞ்சாக இருந்தபோதிலிருந்து கையில் வைத்து வளர்த்தவை.

வீட்டுக்காரர் துப்புத் துலக்கக் கிளம்பினார். முதலில் துறைமுகத்து நிலக்கரித் தூசிதான் காரணம் என்றார். பிறகு தெருமுனையில் நிற்கும் செல்போன் டவர். செத்த கோழி ஒன்றைப் பையில் போட்டு ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் வெளியூர் போயிருந்தார். அங்கிருந்தவர்கள் கழிச்சல் நோயாக இருக்கலாம் என்று ஒரு மருந்தைத் தந்து தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார்கள். கலந்து வைத்தார். அடுத்த கோழியும் போனது.

பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. எங்கள் மொட்டைக் கழுத்திக் கோழிக்கு மதில் தாண்டுவதே தொழில். அக்கா காயப்போட்ட நெத்திலியைக் கொத்திவிட்டு வந்துவிடும். ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல், "நீங்க பூராம் கொள்ளையில போவ!" என்று கோழிகளைச் சபித்துக் கத்தியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டார் இவர். மதில் பக்கமாக நின்று, அந்த வீட்டில் கேட்கட்டும் என்றே சொன்னார்.

"நல்லா இருந்த கோழி சும்மா சாவுமாளா? நெத்திலியில வெசத்தத் தடவி வச்சிருக்காவ. சாபம் போட்டவியளுக்கு வெசம் போடத் தெரியாதா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் நெத்திலியைப் புரட்டுகிற சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு பேச்சு முறிந்தது. "யக்கா, யக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே இல்லை. நெத்திலியை மாடிக்கு மாற்றிக்கொண்டாள். மத்தியானம் மதிலடியில் தனியாக நிற்பேன். கோழி செத்ததற்கு அழுதேன், உண்மைதான். அக்கா பேசாததற்கு அழுதது அதைவிடக் கூடுதல். இவரோடு நான் போட்ட சண்டையில் தெருவே எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது.

கடைசியில் மொட்டைக் கழுத்தி மட்டும் மிஞ்சியது. விஷம் வைத்த நெத்திலியைத் தின்றிருந்தால் முதலில் சாக வேண்டியது அந்தத் திருட்டு மூதிதானே? அதுவோ மினுமினுவென்று திரிந்தது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அக்கா முற்றம் கண்ணில் பட்டது. குழாயில் தண்ணீர் வராமல் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரம். அக்கா குடத்திலிருந்து நல்ல தண்ணீரை ஒரு மண்சட்டியில் ஊற்றினாள். மொட்டைக் கழுத்தி ஓடிவந்து குடித்தது.

"குடி, சவமே. என் நெத்திலியையும் தின்னு, என் தண்ணியையும் குடி. ஒங்க வீட்ல தண்ணிகூட வைக்க மாட்டாவளா? தெனமும் நாக்கு வறண்டு வாரியே!"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லாமலா? சட்டி எந்நேரமும் நிறைந்தல்லவா இருக்கும்! துணியை அப்படியே போட்டுவிட்டுப் புறவாசலுக்கு ஓடினேன். சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். ஐயோ, கடல்!

"இதுல என்னத்த ஊத்துனீங்க?"

"கருவாடு ஊறப்போட்ட தண்ணிதான்," என்றார், நான் எதையோ தெரியாமல் கேட்டதுபோல. "வடிகஞ்சியில கலந்து வைக்கேன். மீன் சத்து பூராம் அதுலதான எறங்கியிருக்கு? நீ சாக்கடையில கொட்ட வச்சிருக்கத நான் எடுத்துக்கிடுவேன். நல்ல தண்ணி கெடைக்காத காலத்துல வேற என்ன செய்ய?"

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, தெரியும்."

தண்டனையாகத்தான் சொன்னேன். அவரோ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் நல்லாத்தாம்ளா இருக்கும்," என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயை விட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முருங்கை மரத்தைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தெனமும் ஒரு தம்ளர் எனக்கு எடுத்துக்கிட்டுத்தான் மிச்சத்தக் கோழிக்கு ஊத்துவேன்."

நான் சட்டியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தேன். கருவாட்டிலிருந்து நான் இறக்கிய உப்பை அவரே புறவாசலில் நின்று குடித்திருக்கிறார். கோழிக்குச் சின்ன உடம்பு, தாங்காமல் செத்துப்போனது. இவருக்குக் கொஞ்சம் பெரிய உடம்பு, மாத்திரை கூடியது.

அவர் கையைப் பிடித்து மதிலடிக்கு இழுத்துப் போய், அக்காவைக் கூப்பிட்டேன். என் குரலில் என்ன இருந்ததோ, அன்றைக்கு அக்கா வெளியே வந்தாள்.

"யக்கா, கோழியக் கொன்னது இவியதான். கருவாட்டுத் தண்ணிய ஊத்தியிருக்காவ. இவியளும் குடிச்சிருக்காவ."

அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசுவே! உப்பு எறக்கச் சொல்லிக் குடுத்தது ஒம் புருசன் பொழைக்கதுக்குளா!" என்று சிரித்துவிட்டாள். பிறகு அவரைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "வெசம் வச்சேன்னியள அண்ணாச்சி. நான் குடுத்த கோழிக்கு நானே வெசம் வைப்பனா? அன்னைக்கு எனக்குக் குலையே நடுங்கிட்டு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் மதினி. புத்தியில்லாமப் பேசிட்டேன்." கல்யாணமான இத்தனை வருசத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அக்கா திரும்பி உள்ளே போனாள். போச்சு, இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து மதில் மேல் வைத்தாள்.

"குடிங்க அண்ணாச்சி. வெசமும் இல்ல, உப்பும் இல்ல."

அவர் எடுத்து மடக் மடக்கென்று முழுசையும் குடித்தார். கண் கலங்கியிருந்தது. மொட்டைக் கழுத்தி அக்கா காலடியில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. "கோழியத் தாங்கக்கா," என்று கை நீட்டினேன்.

"தர மாட்டேன். அது இங்கனயே கெடக்கட்டும். ஒங்க வீட்டுத் தண்ணியில எனக்கு நம்பிக்கை இல்ல," என்றாள் அக்கா. வெறும் சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மதிலில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்தாள். "அண்ணாச்சி, நீங்க உள்ள போங்க. ஏளா, நீ இங்கன நில்லு. ஒங்கிட்ட சொல்லாம எம்புட்டுக் கதை சேந்து கெடக்கு தெரியுமா?"