அம்மா மைக்கில் சொன்னது

எங்கள் அம்மாவிடம் அவளுடைய கருத்து என்னவென்று கேட்டது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மைக்கோடு வந்து நின்ற லோக்கல் கேபிள் சேனல் பெண்.

நகராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் நாலாம் வகுப்பு. அம்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மக்கள் மனசுல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வர்றோம். இந்த முறை யாருக்கு ஓட்டு?"

யார் எதைக் கேட்டாலும் "அவரைக் கேளுங்க" என்பதுதான் அம்மாவின் வழக்கம். அன்றைக்கு அப்பா பக்கத்தில் இல்லை.

"தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாம பாதி நாள் வாசல்லயே நிக்கிறேன். குழாய் வரும் வரும்னு சொல்லிச் சொல்லியே அஞ்சு வருஷத்த ஓட்டிட்டாங்க. இந்த வாட்டி மாத்திதாங்க போடுவேன்."

குடம் விற்றவர் விசில் அடித்தார். சுற்றி நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

அப்பா, கவுன்சிலருக்கு வலது கை. ஜிஎஸ்டி ரோட்டுக்குக் கிழக்கே எங்கள் வார்டில் தெருவிளக்கு பராமரிக்கும் கான்ட்ராக்ட் அவர் தயவில் வந்தது. நாங்கள் சாப்பிட்டது அதில்தான். அதே கவுன்சிலர்தான் மறுபடியும் நின்றார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா டிவியில் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் முகத்தைத் தானே பார்த்துச் சிரித்தாள். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "இன்னா தகிரியம் உனுக்கு! எங்க எல்லார் மனசுல கீறதையும் அப்டியே சொல்லிட்ட!"

அப்பா அதைத் தேர்தல் ஆபீசில், கட்சிக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் கத்தவில்லை.

"என்னைக் கேக்காம எப்படிச் சொன்ன?"

"உங்களைக் கேக்கலைங்க. என்னைத்தான கேட்டாங்க."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

காலையில் கவுன்சிலரே வந்தார். காபி குடித்தார். அம்மாவைத் தங்கச்சி என்றார். "சொந்த வூட்டு ஓட்டையே வாங்க முடியாதவன், தெரு ஓட்டை எப்படி வாங்கித் தருவான்னு பசங்க கேக்கறாங்க தங்கச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல. அவனுக்குத்தான் பேஜாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே தண்ணீர் லாரி வந்தது. எங்கள் வாசலில் குடங்கள் வரிசையாக நிரம்பின. பின்னாலேயே அந்த மைக் பெண்ணும் வந்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. பட்டுப் புடவையில் நின்ற அம்மா, "அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேங்க. இப்பல்லாம் தண்ணி நல்லா வருது. என் ஓட்டு கவுன்சிலருக்குத்தான்" என்றாள். ஒரே தடவையில் சரியாகச் சொல்லிவிட்டாள். கேமராக்காரர், "சூப்பர்க்கா" என்றார். அம்மா இரண்டாம் முறையும் டிவியில் வருகிறாள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு லாரி பழையபடி நினைத்தபோது வந்தது. வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "எவ்ளோ குட்த்தானுங்க?" என்றார். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியில் வைத்தாள்.

கவுன்சிலர் சொற்ப ஓட்டில் தோற்றார். கட்சிக்காரர்களுக்கு அம்மா குடியைக் கெடுத்தவள். தெருவுக்கு அவள் விலைபோனவள். கான்ட்ராக்ட் கைமாறியது. அப்பா சேலையூரில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "உங்கம்மாவை சோறு போடச் சொல்லு" என்பார் என்னிடம். அம்மா அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருப்பாள்.

ஒருநாள் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன். "நிஜமா யாருக்கும்மா போட்ட?"

அம்மா வாசலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கண்ணை மூடிக்கிட்டு முத்திரையைக் குத்தினேன். அப்படியே மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

"எதுக்கு? மறைப்புக்குள்ள யாரும் பாக்க மாட்டாங்களே?"

"வெளிய வந்தா கேப்பாங்க இல்ல? யார் கேட்டாலும் சத்தியமா எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம்."

கண்ணாமூச்சி மாதிரி இருக்கிறதே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.