கடைசி வரிசையில் டுவெயின்

ஹெரன் பே மருத்துவமனையின் மூச்சு சிகிச்சைப் பிரிவில் வெர்னா பல வருடங்களாக வேலை பார்த்தாள். நானும் அங்கேதான். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வென்டிலேட்டரைப் பழக்கிவிடுவது அவள் பொறுப்பு. ஆனால் பதவி உயர்வு கேட்கும்போதெல்லாம் எங்கள் பிரிவுத் தலைவர் டுவெயின், பட்டம் இல்லாமல் விதி இடம் தராது என்று கையை விரித்துவிடுவார். அவளிடம் இருந்தது இரண்டாண்டுப் படிப்பு. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தின் கட்டணத்துக்கு வழியில்லை. பக்கவாதம் வந்த கணவரைத் தனியே விடவும் முடியாது.

இரண்டாண்டுப் படிப்பு மட்டும் நடத்திவந்த எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரியே குறைந்த கட்டணத்தில் இளங்கலைப் பட்டம் தரப்போகிறது என்று தெரிந்ததும், ஐம்பத்தொரு வயதில் முதல் ஆளாகச் சேர்ந்தாள்.

முதல் நாள் மாலை வகுப்புக்குள் நுழைந்தாள். கடைசி வரிசையில், தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டபடி டுவெயின் உட்கார்ந்திருந்தார். பாடம் நடத்த வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். ஆசிரியை வருகைப் பதிவு எடுத்தபோது அவர் கையைத் தூக்கினார்.

இடைவேளையில் அவர் காபி இயந்திரத்துப் பக்கம் வந்தார்.

"படிப்ப பாதியில விட்டவன் நான். பட்டம் இருக்குன்னு எழுதிக் குடுத்து வேலைக்குச் சேர்ந்தேன், யாரும் சரிபாக்கல. மேல சொல்லிடுவியா?"

"அத நீங்களே சொல்லுங்க. என் வாயால வர வைக்காதீங்க."

அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. இரண்டு வாரம் கழித்து டுவெயினே நிர்வாகத்திடம் போய் உண்மையைச் சொல்லி வேலையை விட்டார். கல்லூரிக்கும் வருவதை நிறுத்திவிட்டார்.

பணியாளர் பிரிவு அதிகாரி வெர்னாவைக் கூப்பிட்டு, டுவெயின் விட்டுப்போன தலைவர் பதவியை ஏற்கச் சொன்னார். பட்டம் முடிய இன்னும் நாளாகுமே என்றாள் அவள். அதிகாரி விழித்தார்.

"பட்டம் வேணும்னு இங்க விதியே கிடையாதே. யார் சொன்னது?"

வெர்னா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னாள்.

பதவியை ஏற்றுக்கொண்டாள். இனி கல்லூரியை விட்டுவிடுவாள் என்று நினைத்தோம். அடுத்த வகுப்புக்குக் கிளம்பியவளிடம் இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

"அந்தாளு பொய் சொன்னதுக்கு நான் ஏன் படிப்ப விடணும்? எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள்.

மீதிப் படிப்பை இரண்டு வருடத்தில் முடித்தாள். பட்டமளிப்பன்று சக்கர நாற்காலியில் இருந்த கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக விசில் அடித்தார்.