சித்தப்பா மழித்த குளம்

வீட்டுக்குள் நுழையும்முன் சித்தப்பா வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவு வாரியாக அடுக்குவார். எல்லாக் குதிகாலும் தரையோட்டின் கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஒன்று விரலளவு துருத்தினால் காலால் தள்ளமாட்டார். குனிந்து கையால் தள்ளுவார். கிளம்பும் விருந்தாளிகள் திணறுவார்கள். “உங்களுக்கு எட்டாம் நம்பர்தானே? அப்ப நடுவுல பாருங்க” என்பார் சித்தி.

அவருக்கு நகரத்துக் கழிவுநீர் நிலையத்தில் வேலை. அங்கேயே பரிசோதனைக்கூடத்தில் இலைகளை உலர்த்திப் பொடிப்பவன் நான். சுத்தம் செய்த நீர் ஆற்றுக்குப் போகும்முன் ஆழமில்லாத இரண்டு குளங்களைக் கடக்கும். அவற்றில் ஆளை மறைக்கும் உயரத்துக்குச் சம்பங்கோரை. நீரில் மிச்சமிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று வளர்வது கோரையின் பொறுப்பு. வளர்ந்ததை வெட்டி வெளியேற்றுவது சித்தப்பாவின் பொறுப்பு. முழுக்கப் பழுத்துக் காய்ந்த பிறகுதான் வெட்டுவார். கட்டு ஒரே சீராக வரும்.

புதிதாக வந்த பொறியாளர் அம்மா பச்சை இலையையும் காய்ந்த இலையையும் என்னிடம் பொடிக்கக் கொடுத்தார். பச்சையில் இருந்த நைட்ரஜனில் பாதிகூடக் காய்ந்ததில் இல்லை.

“இலை பழுக்கும்போது சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்கிடுது. இத்தனை வருஷமா நீங்க வெறும் சக்கையை அள்ளிக்கிட்டு இருந்திருக்கீங்க” என்றார் சித்தப்பாவிடம்.

“அழகா கட்டித்தான் மேடம் அனுப்பினேன்.”

“சக்கையைத்தானே?”

இந்த ஆண்டும் நீரில் சத்து குறையாவிட்டால் குளங்களை மூடிக் கான்கிரீட் தொட்டி கட்டுவதென்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அப்படி நடந்தால் சித்தப்பாவுக்கு நிலையத்தின் கேட் அருகே ஒரு நாற்காலி.

“வண்டி நம்பர் எழுதிக்கிட்டு உக்காரணுமாம். அதுக்கு வீட்லயே உக்காந்துக்கலாம்” என்றார் சாப்பிடும்போது.

“ஐயையோ, அது மட்டும் வேண்டாம். முதல்ல போய் பச்சையா வெட்டுங்க” என்றார் சித்தி.

பூக்கும்முன்பே இரண்டு குளங்களையும் இயந்திரத்தால் வெட்டினார்கள். நீருக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு அடித்தண்டுகள் நின்றன. சித்தப்பாவின் கண்ணுக்கு அது சவரம் செய்யாத முகம். மார்பு வரை வரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அரிவாளோடு முதல் குளத்தில் இறங்கினார். ஒவ்வொரு தண்டாகத் தேடிப் பிடித்து, தண்ணீருக்கு அடியில் ஒட்ட அறுத்தார். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தண்ணீரில் மேகம் அப்படியே தெரிந்தது.

“கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்களே!” என்றார் பொறியாளர் அம்மா.

இரண்டாம் குளத்தில் இறங்கவிருந்த காலையில், கேட் அருகே நிறுத்திய அவர் வண்டியின் பையில் பூட்ஸைக் காணவில்லை. புகார் எழுதிக் கொடுத்தார். கேட் காவலாளியை ஒரு மாதம் முறைத்தார். புது பூட்ஸ் வருவதாகச் சொன்னார்கள்; அரசாங்க வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதுவரை யாரையும் அந்தக் குளத்துப் பக்கம் அழைத்துப் போகவில்லை. வெட்கம்.

அந்தக் குளம்தான் துளிர்த்தது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. முதல் குளம் கண்ணாடியாகவே இருந்தது. பிறகு நாறியது. அழுகிய கிழங்குகள் மிதந்தன.

பொறியாளர் அம்மா யாருக்கோ போன் செய்து விசாரித்துவிட்டு வந்தார். “நீட்டிக்கிட்டு இருக்கிற தண்டு வழியாத்தான் கிழங்குக்குக் காத்து போகுதாம். தண்ணிக்குள்ள வெட்டினா மூச்சு முட்டிச் செத்துடுமாம்.”

“அப்ப நான் மூக்கையா அறுத்திருக்கேன்?”

“ஒரு குளம் முழுக்க.”

“நீங்களும் நல்லாருக்குன்னு சொன்னீங்களே மேடம்.”

“பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.”

இரண்டாம் குளத்தை அந்தப் பருவத்தில் மறுபடியும் பச்சையாக வெட்டினார்கள், சாண் உயரம் விட்டு. முந்தைய ஆண்டு இரண்டு குளங்களும் சேர்ந்து தந்ததைவிட அதிக நைட்ரஜன் அந்த ஒன்றிலிருந்தே வெளியேறியது. ஆற்றுக்குப் போன நீர் பரிசோதனையில் தேறியது. கான்கிரீட் தொட்டி வேறு ஊருக்குப் போனது. செத்த குளத்தில் சித்தப்பா கயிறு பிடித்து வரிசை வரிசையாகப் புதுக் கிழங்கு நட்டார். அடுத்த பருவத்தில் வரிசை எது இடைவெளி எது என்று தெரியவில்லை. கிழங்கு அதன் இஷ்டத்துக்குப் படர்ந்திருந்தது.

சித்தப்பா ஓய்வு பெற்ற பிறகு, அவர் கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில், பரணிலிருந்து பெட்டி எடுக்க என்னை ஏறச் சொன்னார் சித்தி. பெட்டிக்குப் பின்னால் ரப்பர் பூட்ஸ் மடங்கிக் கிடந்தது.

“நான்தான் தூக்கிப் போட்டேன்” என்றார் கீழேயிருந்து. “நாள் பூரா தண்ணியில நின்னுட்டு வந்து முட்டி வலிக்குது, தைலம் தேய்னு உயிரை எடுத்தாரு. என் கை என்ன மெஷினா?”