படகுக்குப் பேர் எழுதாத கலை நிலையம்

கலையால் ஊருக்குள் உழைப்பும் வருமானமும் கொண்டுவரப் போவதாகச் சொல்லி, சாய்ந்தமருதில் கலை நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்ன எனக்கு அங்கே தூரிகையும் பெயின்ட்டும் சும்மா கிடைத்தன. கீறிய படங்களை வாங்கத்தான் ஆளில்லை. உம்மாவின் கையில் என் உழைப்பென்று ஒரு சதம்கூட வைத்ததில்லை.

ஒருநாள், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் படகுக்கார அண்ணன் ஒருவர் நிலையத்துக்கே என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, புதுப் படகுல மகள்ட பேரை எழுதி ரெண்டு மீனும் கீறித் தா. கையோட காசு தாறன்."

"மீன் சிரிக்கணுமா காக்கா, அழணுமா?"

"என்ட வலைக்குள்ள வாற மீன் எப்பிடிடா சிரிக்கும்?"

எங்கள் சிரிப்புக்குள் பொறுப்பாளர் வந்து நின்றார். "இது கலை நிலையம். படகுக்குப் பெயின்ட் அடிக்கிற இடமில்ல."

"ஊருக்கு உழைப்பு வரும் எண்டீங்களே சேர், இந்தா வந்து நிக்கிது" என்றேன் நான்.

"வெளிவேலை செய்யிறதெண்டா நாளைக்கு இஞ்ச வராத."

சொந்தமாக ஒரு தூரிகைகூட இல்லாத நான், முடியாதென்று காக்காவை அனுப்பிவிட்டேன்.

காக்கா பக்கத்து ஊரான கல்முனைக்குப் போய், பேரையும் மீனையும் ஸ்டிக்கராக அடித்துவந்து படகில் ஒட்டினார். அதைப் பார்த்து மற்றப் படகுக்காரர்களும் அங்கேயே போனார்கள். நான் இன்னும் நிலையத்தில் படம் கீறுகிறேன். நிலையத்தைப் பார்வையிட வருகிற பெரிய புள்ளிகள் என் தோளில் தட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.